கேட்டதைச் சொல்லுதல்: இசைப்பதிவுக் குறிப்புகளும் பாடலாய்வும்

தமிழில் 'கேள்வி' என்னும் சொல் கற்றறிந்தார்வழிக் கேட்டுப் பெறும் அறிவையும் வினாவையும் ஒருங்கே குறிப்பது. திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி தனியோர் அதிகாரமாக (42) வைக்கப்பட்டுள்ளது. இசையொடு தொடர்புடைய பொருளிலும் இச்சொல் சங்கச் செய்யுட்களில் ஆளப்பட்டுள்ளது. கேட்டதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் செயலுக்குத் தமிழில் தனிச்சொல் இல்லை. ஆயின் அவ்வழக்கம் நெடுநாளாக உண்டு. இசைத்தட்டு வீடுகளுக்குள் நுழைந்த காலந்தொட்டு, 'இப்பொழுது யான் கேட்டுக்கொண்டிருப்பது இன்னாருடைய இன்ன பதிவு' என்று மடலிலும் உரையாடலிலும் நண்பர்கள் பகிர்ந்து வந்துள்ளனர். ஒலிநாடாக் காலத்தில் படியெடுத்த நாடாவோடு சேர்த்து ஒரு துண்டுத்தாளும் கைமாறியது. அத்தாளில் பாடகர் பெயரும் இராகமும் இருக்கும். சில வேளைகளில் 'இரண்டாம் பக்கம் கட்டாயம் கேட்கவும்' என்ற பரிந்துரையும் இருக்கும். இத்தகைய குறிப்புகளைத் திறனாய்வின் ஒரு சிறுவகையாகக் கொண்டு, அவை பாடலாய்வுக்கு எவ்வாறு உதவுகின்றன, எவ்விடத்தில் ஆய்வாளனை வழிதவறச் செய்கின்றன என்பதை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகைக் குறிப்பை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளுதல் பொருந்தாது. இரசிகமணி டி. கே. சி. தம் நண்பர்களுக்கு எழுதிய மடல்கள் நூலாக வெளிவந்துள்ளன. தாம் துய்த்ததை மற்றொருவர் துய்க்குமாறு காட்டுவதே அம்மடல்களின் இயல்பு. வட்டத்தொட்டியில் ஒரு செய்யுளைத் திரும்பத் திரும்பச் சொல்லி அதன் உருவத்தை உணர்த்தியது போன்றதே, ஓர் இசைப்பதிவை 'இவ்விடத்தைக் கேளுங்கள்' என்று சுட்டுவதும். கல்கி 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய ஆடல் பாடல் பகுதி கச்சேரியைப் பற்றியது. அதைப் படித்தவர் அக்கச்சேரியைத் திரும்பக் கேட்க இயலாது. பதிவைப் பற்றிய குறிப்போ சரிபார்க்கத் தக்கது. எழுதியவர் கேட்டதையே படித்தவரும் கேட்கலாம், மறுக்கலாம். திறனாய்வுக்கு வேண்டிய முதற்றகுதி இதுவே எனலாம்.

ஆயினும் தமிழாய்வில் இக்குறிப்புகள் பெற்றுள்ள இடம் கவலைக்குரியது. பாடல் ஒன்றன் இசையைப் பற்றி எழுதும்போது, 'இப்பாசுரம் நாட்டையில் அமைந்தது', 'இப்பாடல் ரேவதியில் அமைந்தது' என்று எழுதிவிடும் போக்கு மிகுந்து காணப்படுகிறது. இக்கூற்றுகளின் மூலத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது ஓர் இசைத்தட்டோ ஒலிநாடாவோதான். கேட்டவர் தாம் கேட்டதைச் சொல்லியுள்ளார். அதைப் படித்தவர் பாடலாசிரியர் அவ்வாறு அமைத்தார் என்று கொண்டுவிட்டார். பாடல் யாருடையது, மெட்டு யாருடையது என்னும் இரு வினாக்கள் ஒன்றாகிவிட்டன.

நாகலாபுரத்திலிருந்து கேட்டல்

இச்சிக்கலை ஆராய்வதற்கு ஆந்திரப் பிரதேசத்தின் நாகலாபுரம் ஏற்றதோர் இடமாகும். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகச் செல்வோர் தமிழக எல்லையைக் கடந்த சிறிது தொலைவில் அடையும் ஊர் இது. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022இல் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தின்பாற் பட்டது. மச்ச அவதாரத் திருமாலாகிய வேதநாராயணர் கோயில் கொண்ட தலம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் இவ்வூரை வழங்கச் செய்தார் என்பர். அருகிலுள்ள திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, எல்லைச் சீரமைப்பின்போது தமிழகத்தோடு இணைந்தது. அரசின் எல்லைக்கோடு மாறியதே தவிர, வீடுகளில் வழங்கும் மொழி அக்கோட்டைப் பார்த்து மாறவில்லை. இங்குள்ளோரிற் பலர் தமிழும் தெலுங்கும் ஒருசேரக் கேட்டு வளர்பவர்கள்.

தமிழிசை இயக்க வரலாற்றோடு இவ்விடத்தை ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் முன்வைத்த கோரிக்கை நியாயமானது; தமிழகத்து மேடையில் தமிழ்ப்பாடல் துக்கடாவாக ஒதுக்கப்பட்டிருந்த நிலையை அக்கோரிக்கையே மாற்றியது. ஆனால் அதற்குத் துணையாகக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றாகிய 'கேட்போர்க்குப் பொருள் புரியாமை' என்பது நாகலாபுரம் போன்ற ஊரில் பொருந்தாது. இங்கே ஆண்டாளும் அன்னமையாவும் ஒரே செவியில், ஒரே அளவு பொருளோடு விழுகின்றனர். ஆகவே மொழி பற்றிய வழக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, பதிவு பாடலுக்கு என்ன செய்கிறது என்பதை மட்டும் தனியே நோக்க இயலுகிறது.

இக்கட்டுரையாளர் அண்மைக்காலமாக இவ்வூரிலிருந்து கேட்டு, துறை நண்பர்களோடு குறிப்புகள் பரிமாறிக்கொண்ட பதிவுகளுள் சில இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எண்ணிக்கை குறைவே. ஒவ்வொன்றையும் பன்முறை கேட்டபின் எழுதப்பட்டவை என்பது மட்டுமே இவற்றுக்குரிய தகுதி.

திருப்பாவைப் பதிவு

திருமலையில் மார்கழி மாதம் முழுவதும் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சார்ந்த பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றிய வடமொழிச் சுப்ரபாதம், 1963இல் எம். எஸ். சுப்புலட்சுமியின் இசைத்தட்டு வழியாகத் தென்னாட்டு விடியற்காலையின் ஓசையாகவே ஆகிவிட்டது. ஆண்டில் ஒரு மாதம் தமிழ் அவ்விடத்தைப் பெறுகிறது என்பது எல்லைப்புறத்தில் வாழ்வோர்க்குத் தனி மகிழ்ச்சி தருவது. வீட்டில் கேட்போர் அம்மாதத்தில் பெரிதும் நாடுவது எம். எல். வசந்தகுமாரியின் (1928–1990) திருப்பாவைப் பதிவை. முப்பது பாசுரங்களுக்கும் இசையமைத்தவர் அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் (1890–1967).

இப்பதிவின் முதல் ஐந்து பாசுரங்களின் இராகங்களை வரிசையாகக் கேட்பவர் ஒன்றை உடனே உணர்வர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என அவை அமைகின்றன. தியாகராசரின் (1767–1847) பஞ்சரத்தினக் கீர்த்தனைகளின் வரிசையும் இதுவே. கன இராகங்கள் ஐந்து என்னும் இவ்வடைவு வீணை மரபில் தானம் வாசிப்பதற்கு வழங்கியதாகலின், தியாகராசர்க்கும் அரியக்குடியார்க்கும் பொதுவான மூலம் அதுவே என்று வாதிடவும் இடமுண்டு. எவ்வாறாயினும், இருபதாம் நூற்றாண்டு இசைவாணர் ஒருவர் தம் மேடை மரபின் மிக மதிப்புற்ற வாயிலை ஆண்டாளுக்குத் திறந்துவிட்டார் என்பது தெளிவு. திருவையாற்று ஆராதனையில் எந்த வரிசை முதன்மை பெறுகிறதோ அதே வரிசையைத் தமிழ்ப் பாசுரங்களுக்கு அளித்தமை ஒரு திறனாய்வுச் செயல் என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். தமிழிசை பற்றிய எத்தனையோ மேடைப் பேச்சுகளைவிட இவ்வைந்து இராகங்கள் அழுத்தமாகப் பேசுகின்றன.

ஆனால் இச்சிறப்பு அரியக்குடியார்க்கு உரியது, ஆண்டாளுக்கு உரியதன்று. திருப்பாவை முப்பதும் ஒரே யாப்பு. எட்டடியால் வந்த இயல் தரவிணைக் கொச்சகக் கலிப்பா. ஈறும் ஒன்றே. கோயிலில் கோஷ்டியாக ஓதும்போது ஏறக்குறைய ஒரே ஏற்ற இறக்கத்தில் முப்பதும் தொடர்ந்து செல்கின்றன. நோன்பு நோற்போர் ஒவ்வொரு வாயிலாகச் சென்று எழுப்பும் செயல் இடையறாது நகர்கிறது. பதிவிலோ ஆறாம் பாசுரம் சங்கராபரணம், ஏழாம் பாசுரம் பைரவி என்று இராகம் மாறுந்தோறும் செவி புதிதாகத் தொடங்குகிறது. ஒரு நெடும்பாடல் பல உருப்படிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஆறாம் பாசுரம் முதலாகத் துயிலெழுப்பும் பகுதி தொடங்குகிறது என்பது உரையாசிரியர்கள் வகுத்த பகுப்பு. பதிவை மட்டும் கேட்பவர்க்கு ஐந்தாம் பாசுரத்தோடு பஞ்சரத்தின வரிசை முடிவதால் அப்பகுப்பு இசையிலும் தோன்றுகிறது. இது தற்செயலா, இசையமைத்தவரின் கருத்தா என்பது ஆராயத்தக்கது. தற்செயலாக இருப்பினும் நல்ல தற்செயல்.

இப்பதிவைக் கேட்டு 'திருப்பாவையின் முதற்பாசுரம் நாட்டை' என்று எழுதும் ஆய்வாளர், இசையமைப்பாளரின் பெயரை ஒரு சொல்லாற் சேர்த்திருந்தால் போதும், பிழை நேராது. அச்சொல் விடுபடும்போது, ஆண்டாள் காலத்தின்மேல் ஆயிரம் ஆண்டுக்குப் பிந்தைய ஓர் இசையறிவு ஏற்றப்பட்டுவிடுகிறது.

கிருஷ்ணதேவராயர் ஆண்டாள் வரலாற்றைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்னும் காப்பியமாகப் பாடியவர் என்பது யாவரும் அறிந்தது. அவர் தம் தாயின் பெயரை ஏற்ற ஊரில் திருப்பாவையைக் கேட்கும்போது, எவ்வளவு கட்டுப்படுத்தினும் மனம் அங்குச் செல்லவே செய்கிறது. இது ஆய்வுக்குப் புறம்பானது.

செப்பேடும் மெட்டும்

தெலுங்குப் பக்கத்தில் இதே சிக்கல் இன்னும் பெரிய அளவில் உள்ளது. தாள்ளபாக்கம் அன்னமாசாரியாரின் (1408–1503) பாடல்கள் திருமலைக் கோயிலில் ஓர் அறையில் செப்பேடுகளாக இருந்து, 1922இல் வெளியுலகுக்குத் தெரியவந்தன. ஏடுகளில் பாடலின் சொற்களும் தலைப்பில் இராகப் பெயரும் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. ஆகவே இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் பதிப்பித்தும் மெட்டமைத்தும் பாடலுக்கு மீண்டும் உயிரூட்ட வேண்டியிருந்தது. எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியால் எம். எஸ். சுப்புலட்சுமி பாடி வெளிவந்த பாலாஜி பஞ்சரத்தினமாலை இசைத்தட்டுகள் இப்பாடல்களைத் தமிழ் வீடுகளிலும் நிலைபெறச் செய்தன. வாழ்வை நாடகமாகக் காணும் புகழ்பெற்ற பாடலுக்கு ரேவதியில் மெட்டமைத்தவர் நெடுநூரி கிருஷ்ணமூர்த்தி (1927–2014). அன்னமையாவுக்கும் அம்மெட்டுக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுகள் உள்ளன.

இப்பதிவை இக்கட்டுரையாளர் மிக விரும்பிக் கேட்கிறார். ரேவதியில் காந்தாரமும் தைவதமும் இல்லை. அவ்வெறுமை பாடலின் துறவுத் தன்மைக்குப் பொருந்துகிறது. வேத ஓதலை நினைவூட்டும் இயல்பும் அவ்விராகத்துக்கு உண்டு. எனவே கேட்போர் அப்பாடலைத் துறவியின் கூற்றாகவே கொள்வர். சொற்களை மட்டும் வைத்து நோக்கினாலோ அதில் எள்ளலும் உண்டு. உலகியலைச் சிறிது நகையோடு பார்க்கும் பார்வை உண்டு. ரேவதி அந்நகையை அடக்கிவிடுகிறது. இது நெடுநூரியார் பாடலுக்கு வரைந்த உரை. உரை சிறந்தது; ஆனால் உரை மூலமாகாது. நச்சினார்க்கினியர் கூறுவதைத் தொல்காப்பியர் கூற்றாக மேற்கோள் காட்டும் மாணவரை நாம் திருத்துகிறோம். இசைப்பதிவில் அதே பிழை நிகழும்போது வாளா இருக்கிறோம்.

தேவாரம்

மேற்கூறிய இரண்டிலிருந்தும் தேவாரம் வேறுபட்டது. இங்கே பாடலுக்குப் பண் வகுக்கப்பட்டுள்ளது. பண்ணுக்கு ஓதுவார் வாய்மொழி மரபு உள்ளது. அம்மரபு தளர்ந்தும் திருந்தியும் வந்திருப்பினும் அறுந்துவிடவில்லை. தருமபுரம் ப. சுவாமிநாதன் (1923–2009) போன்ற ஓதுவார் பெருமக்களின் பதிவுகளைக் கேட்பது ஆதலால் வேறுவகைச் செயல். காந்தாரபஞ்சமத்தைக் கேதாரகௌளையாகவும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணமாகவும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும் இன்று பாடுகின்றனர். தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் நடத்திவந்த பண்ணாராய்ச்சிக் கூட்டங்களில் இவ்விணைகள் விவாதிக்கப்பட்டன. சிலவற்றில் கருத்து வேறுபாடு நிலவியது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் (1917), விபுலானந்த அடிகளின் யாழ் நூலும் (1947) கணக்கும் நூற்சான்றும் கொண்டு அமைத்த வழியை ஓதுவார் பதிவுகளோடு ஒப்பிட்டுக் கேட்கும் பணி போதிய அளவு நடைபெறவில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. நூலைப் படித்தோர் பலர். பதிவைக் கேட்டோரும் பலர். இரண்டையும் ஒரு மேசையில் வைத்தோர் மிகச் சிலரே.

தேவாரப் பதிவு பற்றிய குறிப்பில் பாடுபவரின் பெயரோடு அவர் பயின்ற மரபும் சேரவேண்டும். கச்சேரிப் பாடகர் தேவாரத்தை விருத்தமாகப் பாடும்போது இராகத்தைத் தாமே தெரிந்தெடுக்கிறார், அதில் தவறில்லை. ஓதுவார் பண்முறைப்படி பாடும்போது தெரிவு அவருடையதன்று. இரண்டையும் 'தேவாரப் பதிவு' என்னும் ஒரே தலைப்பில் அடக்கிவிடுவது, பண்டைச் சுவடியையும் இன்றைய பெயர்ப்பையும் ஒரே தாங்கியில் அடுக்குவது போன்றது.

பதிவின் அளவும் பதியாத குரலும்

தொடக்கக் கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று முதல் நான்கரை நிமிடமே பாட முடிந்தது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி, இசைத்தட்டின் வழியாகவே நாதசுரத்தை நேரிற் கேளாதாரையும் சென்றடைந்தது. இரவு முழுவதும் வீதியில் விரித்து வாசிக்கப்பட்ட ஓர் இராகம் சில நிமிடங்களுக்குள் ஒடுங்கிய வடிவம் அது. அதைக் குறையாகக் கூறுவோர் உளர். நான்கடியில் முடிவதால் வெண்பாவைக் குறையுடைய யாப்பு என்று கூறுவதில்லை. அளவு குறுகும்போது சொற்கட்டு இறுகுகிறது. அவ்விறுக்கம் அத்தோடியில் உண்டு. எனினும் 'இராஜரத்தினம் தோடியை இவ்வாறு வாசித்தார்' என்று எழுதுவதைவிட, 'இசைத்தட்டுக்காக இவ்வாறு வாசித்தார்' என்று எழுதுவதே உண்மைக்கு நெருங்கியது.

பதிவே இல்லாத கலைஞர் நிலை இன்னும் அரியது. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) இசைத்தட்டில் பாட இணங்காதவர் என்பது இசையுலகில் வழங்கும் செய்தி. திருப்புகழை மேடையில் பரப்பியவர். தாளக் கணக்கில் நிகரற்றவர் எனப் போற்றப்படுபவர். அவர் குரலை நாம் கேட்க வழியில்லை. ஆனால் அவர் மாணாக்கர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975) பாடிய பதிவுகள் உள்ளன. அவர்தம் மாணாக்கர் மதுரை சோமசுந்தரம் (1919–1989) பாடியவை மேலும் மிகுதியாக உள்ளன. காஞ்சி, சித்தூர், மதுரை என்று மூன்று தலைமுறை. சித்தூராரின் ஆனந்தபைரவிப் பாடலாகிய 'மதுரா நகரிலோ' தெலுங்கு. சோமுவின் முருகன் பாடல்கள் தமிழ். மொழியை மறந்துவிட்டுத் தாளத்தை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால், சொல்லைத் தாளத்தின் இடைவெளியில் நிறுத்திப் பிடிக்கும் முறை இருவரிடமும் ஒத்திருப்பதை உணரலாம். அவ்வொற்றுமை நயினாப் பிள்ளையிடமிருந்து வந்தது என்று உறுதியாகக் கூறமுடியாது. கூறுதற்கு அதுவன்றி வேறு சான்றும் இல்லை. ஓலைச்சுவடி அழிந்த நூலை உரைமேற்கோள் வழியே அறிய முயலும் ஆய்வுக்கு நாம் பழகியவர்கள். இங்கும் அதே முறை பொருந்தும்.

தமிழ்ப் பாடகராகவே கொண்டாடப்படும் சோமுவின் ஆசிரியர் இன்றைய ஆந்திரத்துச் சித்தூர்ப் பகுதியிலிருந்து வந்தவர் என்பதைக் குறிப்புகள் பலவும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எல்லைப்புறத்தில் அமர்ந்து கேட்பவர்க்கு அவ்வொரு வரி போதவில்லை.

குறிப்பு எழுதும் முறை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசைத்தட்டில் பாடியோர், பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே சொல்வது வழக்கம். கல்கத்தாவின் கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தம் பெயரைக் கூறி முடிப்பது பலரும் அறிந்தது. தட்டு அச்சாகும் அயல்நாட்டில் யாருடைய பாட்டு என்று அடையாளம் காண்பதற்காக அம்முறை ஏற்பட்டது என்பர். இன்று கைப்பேசியில் ஒரு பாடல் வந்து சேரும்போது அவ்வளவு செய்திகூட உடன் வருவதில்லை. பக்கவாத்தியம் யார், ஆண்டு எது, மேடைப் பதிவா நிலையப் பதிவா என்பன உதிர்ந்துவிடுகின்றன. முதலில் உதிர்வது மெட்டமைத்தவர் பெயர். தமிழிசையைப் பொறுத்தவரை இவ்விழப்பு மிகுதியாகத் தாக்குகிறது; ஏனெனில் நம் பழம்பாடல்களிற் பெரும்பாலானவை சொல்லாகத் தங்கி, பிறர் இசையால் மீண்டவை.

இரசிகர் ஒருவர் தாம் கேட்பதை நண்பருக்குச் சொல்லும்போது இவற்றையெல்லாம் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. அவ்வாறு செய்தால் அவ்வழக்கமே நின்றுபோகும். மகிழ்ச்சியாற் பிறந்த குறிப்பு படிவம் நிரப்புவதாகிவிடக் கூடாது. ஆய்வாளர்க்கு அச்சலுகை இல்லை. பாடல் ஆசிரியர், மெட்டமைத்தவர், பாடியவர், பதிவான ஆண்டு ஆகிய நான்கையும் தெரிந்த அளவில் தருவது நூலுக்குப் பதிப்பாண்டு தருவதைப் போன்ற கடமையாகும். பாடபேதம் காட்டாத பதிப்பை ஏற்க மறுக்கும் துறையினர், மெட்டு பேதம் காட்டாத மேற்கோளையும் ஏற்க மறுத்தல் வேண்டும். முனைவர்ப்பட்ட ஆய்வேடுகளை மதிப்பிடுவோர் இதைத் தொடங்கிவைத்தால் பத்தாண்டுகளில் நிலை மாறும்.

இக்கட்டுரையாளர் அண்மையில் நண்பர் ஒருவர்க்கு எழுதிய குறிப்பு இது: 'திருப்பாவை, நான்காம் பாசுரம். ஆண்டாள், மெட்டு அரியக்குடி, குரல் எம். எல். வசந்தகுமாரி, வராளி. பதிவாண்டு பார்த்து எழுதுகிறேன். மழையைக் கேட்கும் பாசுரத்துக்கு வராளியின் கனம் தகுமா என்று ஐயுற்றிருந்தேன். கடலுள் புகுந்து முகந்து மேலேறும் முகிலைச் சொல்லும் இடத்தைக் கேளுங்கள். கனம் எதற்கு என்று விளங்கும். கோயிலில் ஓதுவதையும் ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு எனக்கு எழுதுங்கள்.' நண்பரின் மறுமொழி சுருக்கமானது. தமக்கு ஓதுவதே பிடித்திருந்தது என்றும், இராகம் முகிலை விளக்கலாம், ஆனால் சிறுமியர் குரலை மறைத்துவிடுகிறது என்றும் அவர் எழுதியிருந்தார். இருவரும் மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.